பத்தாவது ஆள்

நாரின் ஊரில் பனி. ஆய்வகத்தில் ஆயிரம் குப்பி ரத்தம்.
'நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும்'
என்கிறது பெட்டி.
புருல்கான் பெட்டியை நம்புவதில்லை,
பென்சிலை நம்புகிறாள்.

நூற்றெட்டுப் பேருக்கு 'உண்டு' என்றது சோதனை.
ஈரலில் நாய்ப்புழுக் கட்டி.
மேய்ப்பன் சாபர்பெக் அன்றிரவே குதிரையை விற்றான்.
ஸ்கேனில் அவனுக்கு ஒன்றுமில்லை.
மெய்யாகவே கட்டி
ஒன்பது பேருக்குத்தான்.

விற்ற குதிரை எந்தக் கட்டத்தில் வரும்?
அட்டவணையில் இடமில்லை.

அதைவிட அவளை உறுத்துவது
பத்தாவது ஆள்.
இருக்கிறார் என்கிறது விகிதம்,
பெயர் சொல்லாது.
'இல்லை' என்று கொடுத்தனுப்பிய
எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு தாள்களில்
ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி
இந்நேரம் எங்கோ
தேநீரில் உப்புப் போட்டுக் கலக்குகிறார்,
நிம்மதியாக.