ஒன்பதரை மில்லிமீட்டர்

காட்டெருமைக்கென்று வாங்கிய துப்பாக்கி.
தான்சானியாவில் ஒன்று
இதன் ஒரே சொல்லுக்கு முழங்கால் மடித்ததாம்.
வீடியோ இருக்கிறது அபு மிஷ்அல் போனில்.
ஆறு விருந்தாளிக்கு ஆறு தடவை ஓடியதில்
நானும் ஆறு தடவை பார்த்தேன்
டீத்தட்டோடு நின்றபடி.

ஹஃபர் அல் பாத்தினுக்கு வடக்கே எழுபது கிலோமீட்டர்.
இங்கே எருமை கிடையாது,
எருமை மறைய மரமும் கிடையாது.
நூற்று நாற்பது நஜ்தி ஆடு,
தகரக் கொட்டகை, ஜெனரேட்டர்,
இரும்புத் தண்ணி டேங்க்,
இத்ரீஸ், நான்.

தை மாசக் குளிரில் ஓநாய் வந்தது.
மூன்று ராத்திரியில் நாலு குட்டி.
இத்ரீஸ் குந்தி உட்கார்ந்து
மண்ணை வாசித்துச் சொன்னான்:
ஒன்றுதான். கிழடு. முன்னங்கால் நொண்டி.
நாய் ஒன்று வாங்கிக் கட்டினால் போதும்.

கஃபீல் சிரித்தார்.
மறுநாள் நீளப் பெட்டி வந்தது.
குருவி தலையில் பனங்காய் என்று நாக்குவரை வந்தது எனக்கு.
பனங்காய்க்கு அரபியில் என்னவென்று தெரியாமல்
வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டிக்குள் வெல்வெட் மெத்தை.
ரெண்டு வருசமாய் எனக்கு வாய்க்காத மெத்தை.
தோட்டா என் நடுவிரலைவிட நீளம்.
ஒன்று முப்பத்தெட்டு ரியால் என்றார், பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல.
என் நாள்கூலி முப்பத்தாறு.
ரெண்டு ரியால் குறைச்சலில்
நானும் ஒரு தோட்டா.

எனக்கு வேலை லைட் பிடிப்பது.
பிக்கப்பின் முதுகில், கம்பளிக்குள்,
சொன்னால் அமுக்கு, சொல்லாமல் அமுக்காதே.
பன்னிரண்டரைக்குச் சொன்னார்.

ரெண்டு கண் எரிந்தது, பச்சையாய்.
அது ஓடவில்லை.
நொண்டிக்காலை மண்ணில் வைக்காமல் தூக்கிப் பிடித்து
வெளிச்சத்தைப் பார்த்தது,
அதாவது
என்னை.

சத்தம் காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது.
பின்னால் உதைத்த ஸ்கோப்
கஃபீலின் புருவத்தைப் பிளந்தது.
அந்த ராத்திரியின் முதல் ரத்தம் அவருடையது.

எருமை எலும்புக்கென்று வார்த்த குண்டு
ஓநாயைக் கவனிக்கக்கூட இல்லை.
ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விட்டது,
அவசர வேலை இருப்பவன்
கல்யாண வீட்டைக் கடப்பதுபோல.
ஓநாய் நின்ற இடத்திலேயே சரிந்தது.

அப்புறம்தான் கேட்டது
மழை.

மழையா? வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது.
லைட்டைத் திருப்பினேன்.
டேங்கின் இடுப்பிலிருந்து
வெள்ளிக்கம்பியாய் நீட்டிக்கொண்டிருந்தது தண்ணீர்.
ஓநாயால் நிறுத்த முடியாததைத் தண்ணீர் நிறுத்தியிருந்தது.
குண்டு உள்ளே அடியில் கிடக்கிறது.
அதைத்தான் இன்றைக்கும் குடிக்கிறோம்.

'லைட்டை ஏன் அந்தப் பக்கம் பிடித்தாய்?'
என்றார் ரத்தத்துணிக்குள்ளிருந்து.
தண்ணி லாரிக் காசு என் சம்பளத்தில் போகும்.
வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது.

என் சுண்டுவிரல் ஓட்டைக்குக் கச்சிதம்.
விரல் விறைத்து, மணிக்கட்டு விறைத்து,
தோள்வரை நான் டேங்கின் உறுப்பாகிக்கொண்டிருந்தபோது
இத்ரீஸ் மண்ணில் தேடிக் கொண்டுவந்தான்
காலித் தோட்டாக்கூட்டை.
தலைத்துண்டில் ஒரு கிழிசல் சுற்றி
வாய்ப்பக்கம் சொருகிக்
கல்லால் நாலு போடு.
நின்றது.
முப்பத்தெட்டு ரியால் முளை.

இப்போது விருந்தாளிகளுக்கு
புருவத்து மூன்று தையலும் ஓநாயின் கணக்கில்.
பாய்ந்ததாம்.
நான் டீத்தட்டோடு நிற்கிறேன்.

முளை முழுசாய் நிற்கவில்லை.
மூச்சுக்கு ஒரு சொட்டு ஒழுகி
டேங்கின் காலடியில் கையகல ஈரம்.
நேற்று விடிகாலை அந்த ஈரத்தைச் சுற்றித் தடம்:
நாலு காலும் நொண்டாத ஒன்று,
பக்கத்தில்
ரூபாய்க்காசு அளவில்
சின்னதாய் ரெண்டு.

கஃபீலின் வண்டிப் புழுதி தூரத்தில் தெரிந்தது.
கொட்டகைக் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டுவிட்டு
இத்ரீஸ் ஈரத்தைத் தாண்டி நடந்துபோனான்,
செருப்பைத் தேய்த்துத் தேய்த்து,
தடம் பார்க்கத் தெரியாத ஒருவனைப்போல.