காற்றுதான்

புந்தா அரேனாஸில் நவம்பர் காற்று
ஆளைத் தூக்கிவிடும் என்று
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தாள் யாஸ்னா,
முகம் வெந்த நண்டு.

இரவு கிளைகாலிக் அமிலம்.
அது காயுமுன்னே, மேலே, தாராளமாய் ரெட்டினால்.
படகுச் சீட்டு ஜன்னலில் எட்டு வருட வெயில் வைத்த புள்ளிகள்
சனிக்கிழமைக்குள் போயாக வேண்டுமாம்.

மருந்துக்கடை ஈத்தாலோ தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.
“ரெண்டும் நல்லதுகள்தான்.
ஒரே ராத்திரி ரெண்டையும் விருந்துக்குக் கூப்பிடாதே.”
எரிச்சல் அடங்கும்வரை இரண்டுமே வேண்டாம், வெறும் கிரீம்.
அப்புறம் திங்கள் அமிலம்,
வியாழன் பட்டாணி அளவு ரெட்டினால், நன்றாக உலர்ந்த முகத்தில்.
நடு நாட்களில் தோலைச் சும்மா விடு.
காலையில் சன்ஸ்கிரீன், மேகம் போட்டிருந்தாலும்.

“சனிக்கிழமை?”
“சனிக்கிழமை உரியும்.”

உரிந்தது.
மீனவர் சங்கக் கூடத்து விளக்கில்
மூக்கோரம் வெங்காயச் சருகாய்.
பவுடரை எடுத்தவளின் கையை
பக்கத்து ஜன்னல்காரி நான்தான் தட்டிவிட்டேன்.

ஆட அழைக்க வந்து நின்ற
நண்டுப் படகு தாரியோவுக்கும்
மூக்கு உரிந்திருந்தது.
“காற்று” என்றான்.
கொஞ்சம் யோசித்தாள்.
“காற்றுதான்” என்றாள்.