எட்டு ரூபாய் சில்லறை

காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்பார்கள்.
மாறாமலும் இருக்கும்.
மேலே பெட்ரோல், கீழே டீசல்,
நடுவில் எட்டு ரூபாய் சில்லறை
தேங்கிக் கிடக்கிறது,
எங்கள் பங்க் வாசலில்
மழை விட்டு ஒரு மாசமாகியும் வற்றாத பள்ளம் மாதிரி.

"ஏன் மேடம், ரெண்டும் மணலிலேர்ந்துதானே வருது?
இதுக்கு ஒரு வெலை, அதுக்கு ஒரு வெலையா?"
ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்கிறவர்கள்
பதிலுக்கு நிற்பதில்லை.
நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு
ட்ரெய்லர் வரிசைக்குள் நுழைந்து
எண்ணூர் ரோட்டுத் தூசியாகிவிடுகிறார்கள்.
பதில் என்னிடம் தங்கிவிடுகிறது.

ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஜோதிலிங்கம்
பில்லின் பின்பக்கம் ஒரு கோபுரம் வரைந்தான்.
காய்ச்சிய கச்சா எண்ணெய் அடியில் நுழைகிறது.
லேசானது ஆவியாகி உச்சிவரை ஏறும், அது பெட்ரோல்.
கனத்தது பாதி வழியிலேயே இறங்கிக்கொள்ளும், அது டீசல்.

"மேல ஏறுனதாலதான் வெலை ஜாஸ்தியா?"

"தோ பாருக்கா, ஆக்குற செலவு
ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.
வெளிநாட்டுச் சந்தையில பாதி நாளு
டீசலுக்குத்தான் கிராக்கி.
வித்தியாசம் கோபுரத்துல இல்ல,
வரியில இருக்குது."

ஸ்கூட்டிக்கு ஏற்றினால்
ஓட்டுகிறவன் 'ச்சீ' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.
லாரிக்கு ஏற்றினால்
கோயம்பேட்டில் தக்காளி சொல்லும், அரிசி மூட்டை சொல்லும்,
சிமெண்ட், செங்கல், காசிமேட்டு வஞ்சிரம்,
எல்லாம் ஒரே குரலில்.
டெல்லியில் யாரோ, கோட்டையில் யாரோ
இதை யோசித்துத்தான் கணக்கெழுதியிருக்கிறார்கள்.
நான் தக்காளி வாங்குவது
அவர்கள் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.
தக்காளி வாங்க நான் ஸ்கூட்டியில் போவது
வரவில்லை.

முன்பெல்லாம் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம்.
கண்ணாடி கறுத்த பெரிய பெரிய கார்கள்
ஏசியை அணைக்காமல் வந்து நின்று
தக்காளிக்குக் கொடுத்த சலுகையை
டேங்க் நிறைய வாங்கிப் போயின.

எனக்கு இதெல்லாம் காது வழியாகப் புரிந்தது.
கை வழியாகப் புரிந்தது ஒரு மார்கழி ராத்திரியில்.

மூன்று மணி. கண்ணுக்குள் மணல்.
காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றப் போகும் மினி லாரி.
கன் மாறிவிட்டது.
பதினெட்டு லிட்டர் பெட்ரோல் உள்ளே போன பிறகு
வெங்கடேசலுதான் மூக்கைச் சுருக்கினான்.
"யக்கா, இன்னா ஊத்துன?"
அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு,
"சாவி போடலக்கா, போடல, பயப்படாத."

தள்ளி ஓரங்கட்டினோம்.
டேங்கை இறக்கி, வடித்து, துடைத்து,
மெக்கானிக் வந்த கூலி, வீணான எண்ணெய்.
ஐஸுக்குக் காத்திருந்த போட்டுக்காரர்களிடம்
அவன் வாங்கிய வசவுக்கு விலை போடவில்லை.
விடிந்ததும் மேனேஜர் சுகுமாரன் சார்
ஒன்றும் பேசாமல்
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.
நாலாயிரத்து இருநூறு.
இரண்டு சம்பளத்தில் பிடித்தம்.

பெட்ரோல் கையில் பட்டால் ஜில்லென்று இருக்கும்.
ரோட்டைத் தாண்டுவதற்குள் பறந்துவிடும்.
டீசல் அப்படியில்லை.
துணி சோப்பு போட்டும், எலுமிச்சைத் தோல் தேய்த்தும்
பஸ் ஏறி, படி ஏறி, சோற்றுத் தட்டுவரை வரும்.
பெண்ணுக்குத் தலை பின்னும்போது
"லாரி வாசனை" என்று கழுத்தை நெளிப்பாள்.
பின்னல் முடியும் வரை நெளிப்பாள்.

"ஏன் மேடம், டீசல் மட்டும் கம்மியா இருக்கு?"

இன்னும் ஒருவர். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.
சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.
பின்னால் பதினோரு வண்டி நிற்கிறது.

"சார்,
ஜீரோ பாத்துக்கோங்க."