நேரம், இடம், காரணம்

ஞாயிறு காலை ஆறு நாற்பது.
பொங்கோலில் எங்கள் புளோக்கின் அடியில்
சைக்கிள் கம்பிகளுக்கும் தபால் பெட்டிகளுக்கும் நடுவே
கிடந்தது.
நீலச் சிறகு, சந்தன நெஞ்சு,
வாலடியில் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு.
கழுத்து மட்டும்
திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

இந்தியாவில் இதன் சொந்தக்காரனுக்கு
ஆறுமணிக்குருவி என்று பெயர்.
இது நாற்பது நிமிடம் தாமதம்.

போன வாரச் செய்தியில் ஒரு எண் போட்டிருந்தார்கள்,
இறந்த பறவை கண்டால் அழைக்கச் சொல்லி.
அதே பக்கத்தில்
நீர்நாய்க் குடும்பம் ஒன்று சாலை கடந்திருந்தது,
ஒரு தொலைநோக்கி
ஆயிரத்து முந்நூறு கோடி வருடப் பழைய வெளிச்சத்தைப்
படம் பிடித்திருந்தது,
கார் உரிமச் சான்றிதழ் விலை ஏறியிருந்தது.
விலையை மட்டும் இரண்டு தரம் படித்தேன்.
என்னிடம் கார் இல்லை.

“ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், அங்கிள்.
தாளில் எழுதுங்கள்:
நேரம், இடம், காரணம்”
என்றாள் தொலைபேசியில் ஜியா யீ.
பல்கலைக்கழகத்தில் பறவைச் சாவு எண்ணுகிறவள்.

பியூலா ஒன்றும் சொல்லவில்லை.
வஞ்சிரத் துண்டுகளை மேல்தட்டுக்கு மாற்றினாள்.
அவள் சொல்வது அப்படித்தான்.

ஆலயத்தில் சாட்சி நேரம்.
சகோதரி மெர்சலின் எழுந்து,
இரண்டே நிமிடத்தில் பேருந்தைத் தவறவிட்டதையும்
அது விரைவுச்சாலையில் கவிழ்ந்ததையும்
கர்த்தர் தன்னைக் காத்ததையும் சொன்னார்.
அல்லேலூயா என்றோம்.
நானும் சொன்னேன், மனதாரத்தான்.
ஏறிப் போனவர்களைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
நானும்.

முப்பத்தொரு வருடம்
கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதியவன்.
வரவை மட்டும் எழுதிப் பேரேட்டை மூடினால்
எந்தத் தணிக்கையாளரும் விடமாட்டார்.

குருவி விழுந்தாலும் அவர் கணக்கில் ஏறும் என்று
ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தார்கள்.
விழாது என்று
யாரும் சொல்லவில்லை.
இத்தனை காலம் நான்தான்
அப்படி வாசித்திருக்கிறேன்.

மாலையில் ஜியா யீ வந்தாள்,
தோளில் ஐஸ் பெட்டி, கையில் பாதி குடித்த தே பெங்.
இவை இரவில்தான் பறக்குமாம்.
நட்சத்திரத்தையும் பூமியின் காந்தத்தையும் நம்பி
தாய்லாந்திலிருந்து சுமத்ரா வரை.
“நடுவில் நாம் லைட்டைப் போட்டுவிட்டோம், அங்கிள்.”

நட்சத்திரம் பார்த்து நடந்த சாஸ்திரிகள்
எனக்கு ஞாபகம் வந்தார்கள்.
அவர்களும் முதலில் போய் நின்றது
தவறான கட்டடத்தில்.
அங்கே விளக்கு அதிகம்.
அவர்கள் வேறு வழியாய்ப் பத்திரமாய் ஊர் திரும்பிவிட்டார்கள்.
விலை கொடுத்தது
அந்த ஊர்க் குழந்தைகள்.
கிறிஸ்துமஸ் நாடகத்தில் அந்தக் காட்சியை
நாங்கள் வைப்பதில்லை.

இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன்.
அவளுக்கு இன்னும் நான்கு இடங்கள் போக வேண்டும்;
ஒன்று மரினா பே பக்கம்.

என் தாளைப் பார்த்தாள்.
நேரம் இருந்தது. இடம் இருந்தது.
காரணத்தில்
‘கண்ணாடி’ என்று எழுதி அடித்திருந்தேன்,
‘வெளிச்சம்’ என்று எழுதி அடித்திருந்தேன்,
மூன்றாவதாக எழுதி அடித்ததை
அவளால் படிக்க முடியவில்லை; தமிழ்.
பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: மோதல்.
நல்ல சொல். சரியான சொல்.
அதற்குமேல் அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை.

இரவு பத்து மணி.
துணி காயும் பக்கத்து விளக்கை அணைத்தேன்.
எதிர் புளோக் முழுக்க எரிகிறது,
அதற்கப்பால் இன்னொன்று, அதற்கப்பால்.
“பல்பு போயிடுச்சா?” என்றாள் பியூலா.
இல்லை என்றேன்.

தண்ணீர் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால்
மீன் இன்னும் மேல்தட்டிலேயே.
கீழ்த்தட்டு துடைத்து, காலியாய்.
“இந்த மாசம் பூரா வரும்னு
அந்தப் பொண்ணு சொன்னாளே”
என்றாள்,
திரும்பிப் பார்க்காமல்.