மற்றவை, ஐந்து சதவீதத்துக்கு மேற்படாமல்

ரூவியில், பணமாற்று நிறுவனத்தின் மூன்றாம் மாடியில்
நேற்றைய அழைப்புகளைக் கேட்பது என் வேலை.
கேட்டு, நிறுத்தி, ஒன்றைத் தொட வேண்டும்:
கோபம். வருத்தம். அச்சம். மகிழ்ச்சி. திருப்தி. நடுநிலை.
கடைசியில் மற்றவை.
அது மாதத்துக்கு ஐந்து சதவீதம்தான்.
மீறினால் ஊக்கத்தொகையில் கை வைப்பார்கள்.

எந்திரம் முதலில் ஊகிக்கும். நான் திருத்துவேன்.
அது கற்றுக்கொள்கிறதாம்.

இப்ரியிலிருந்து பிளம்பர் தனிஸ்லாஸ்.
அனுப்பிய நூற்றுப்பத்து ரியால்
ஆறு நாளாகியும் போய்ச் சேரவில்லை.
பதினோரு முறை பரவாயில்லை என்கிறார்.
எந்திரம்: திருப்தி, தொண்ணூற்றிரண்டு.
முதல் பரவாயில்லை மரியாதை.
நான்காவதில் பல் கடிபடுகிறது.
பதினொன்றாவது
எதிர்முனையில் திணறும் பெண் மேல் அவருக்கு வந்த இரக்கம்.
வருத்தம் என்று மாற்றினேன்.
அதுவும் பொய்தான், கொஞ்சம் சின்னப் பொய்.

பர்க்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜைனுலாப்தீன்
இருநூறு பைசா கட்டணத்துக்கு
நான்கு நிமிடம் கத்துகிறார்.
சிவப்புக் கோடு திரையின் உச்சியில் முட்டுகிறது.
கோபம், சந்தேகமே இல்லை.
ஆனால் இது
"பத்து வருஷமா உங்ககிட்டதானே வர்றேன்" என்கிற கோபம்.
அந்நியரிடம் வராது.
மனத்தாங்கல் என்போம்; பட்டியலில் அதற்கு இடமில்லை.
போனை வைக்கும் முன் கேட்கிறார்:
"சாப்டியாம்மா?"

மட்டக்களப்புப் பெண் ஒருத்தி. பெயர் சொல்லவில்லை.
நாற்பத்தோரு விநாடி.
ஏசி இரைச்சல். தூரத்தில் ஒரு குழந்தை
அரபியில் தண்ணீர் கேட்கிறது.
பிறகு, "ஒண்டுமில்ல."
எந்திரம்: பேச்சு இல்லை. நீக்கவும்.
நீக்கவில்லை.

இருபதாம் தேதிக்குள் ஒன்பது சதவீதம்.
மேலாளர் ஸுவைனா கூப்பிட்டாள்.
ஆதங்கம் என்று பதினேழு குறிப்பு எழுதியிருக்கிறாயே,
அது என்ன, வருத்தமா?
பாதி.
கோபமா?
கொஞ்சம்.
யார் மேல்?
யார் மேலும் இல்லை. நடந்திருக்க வேண்டியது
நடக்கவில்லையே, அதன் மேல்.
சன்னலுக்கு வெளியே புல் முளைக்காத மலையைப் பார்த்தபடி இருந்தாள்.
என் அம்மா ஸ்வாஹிலியில் ஒன்று சொல்வாள், என்றாள்,
எனக்கு அதை எழுத வராது.
பிறகு திரும்பி, பதினேழுக்கும் சேர்த்துத் தட்டினாள்:
மிதமான புகார்.

இது இன்று மதியம் வந்தது.
சோஹார் துறைமுகம். வெல்டர். பெயர் சிற்றம்பலம்.
பணம் வாங்குகிறவர் பெயரை மாற்ற வேண்டும்.
காரணம் கேட்கிறாள் எங்கள் பெண்.
"இறந்துட்டாங்க."
உறவு?
"தகப்பனார்."
கழுவி விட்ட தரை மாதிரிக் குரல்.
எந்திரம்: நடுநிலை, தொண்ணூற்றெட்டு.

புதுப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க சார்.
கூட்டுகிறார்.
எத்தனையோ மாதச் சம்பளங்களுக்குக் கூட்டிய பழக்கம்,
எங்கும் தடுக்கவில்லை.
சார், இது பழைய பேருதானே?
இரண்டாம் நிமிடம், ஏழாம் விநாடி.
வெல்டிங் பட்டறைச் சத்தம் மட்டும் வருகிறது.
"ஆமா மேடம். அடிச்சிடுங்க."

பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டேன்.
ஷிஜி சோற்று டப்பாவைத் தட்டிக் கூப்பிடுகிறாள்.
நடுநிலையை எடுத்துவிட்டேன்.
அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.
அடுத்த அழைப்பு திறக்க
ஏதாவது ஒன்றைத் தொட்டே ஆகவேண்டும்.