சுழி

காற்றாலை ஷாஃப்டு துளைக்க வாங்கிய மெஷின் இது.
ஆர்டர் வராத மாதங்களில்
எதையாவது துளைத்துத்தான் வட்டி கட்டணும்.

அப்படி வந்தன பன்னிரண்டு ராடுகள்.
கைத்தடி கனம், அதில் பாதிக்குக் கூடுதலாக நீளம்.
களியக்காவிளை லாரி ஆபீஸ் சீட்டு.
பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்:
ஹைட்ராலிக்.

ஆழத் துளை நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.
சுற்றுவது ராடு.
துரப்பணம் சுற்றாது. ஒற்றை உதட்டை வைத்துக்கொண்டு
நேரே நடந்து உள்ளே போகும்.
அதன் வயிற்றுக்குள் ஓடிவரும் எண்ணெய்
முனையில் பீறிட்டு
இரும்புச் சுருளை அள்ளிக்கொண்டு வெளியே விழும்.
எண்ணெய் ஒரு நொடி தயங்கினால் சுருள் அடைக்கும்.
அடைத்தால் என் மூன்று மாதச் சம்பளம்
ராடுக்குள்ளேயே முறிந்து கிடக்கும்.
பார்க்க ஒன்றும் இருக்காது.
தண்டில் இரண்டு விரல் வைத்திருப்பேன்.
நடுக்கம் மாறினால் பிசகு.

பன்னிரண்டும் நேர்.

அடுத்த டிராயிங் வியாழக்கிழமை வந்தது.
துளைக்குள் ஆறு பள்ளம்,
வலப்பக்கம் திருகி,
ஒரு முழம் போவதற்குள் ஒரு முழுச் சுற்று.

"எண்ணெய் போற குழாய்க்குச் சுழி எதுக்கு?"

எடிசன் அண்ணன் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை.
"அது ஹைட்ராலிக்காக்கும் பெல்சியா.
டிராயிங்ல உள்ளத வெட்டு பிள்ளே.
கேள்விக்கு அவன் பைசா தரல்ல."

முதலாவதை வெட்டினேன்.
கொக்கிப் பல் ஒன்று; இழுக்க இழுக்கத் திரும்பும் தண்டு.
ஓர் இழுப்புக்கு வருவது
தலைமுடியை இருபதாகப் பிளந்ததில் ஒன்று.
துடை. எண்ணெய் விடு. மறுபடி இழு.
நனைந்த சேலையை யாரோ
விடிய விடியக் கிழிக்கிற சத்தம்.
கோணத்தில் அன்று மழை, இரண்டு தடவை கரண்டு போச்சு,
நடுவில் சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

காலையில் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
ஆறு நிழல்கள் ஒன்றையொன்று துரத்திப் போய்
கடைசியில் கொத்தமல்லி விதையளவு வெளிச்சம்.
விதைக்குள் ஐ.டி.ஐ. மதில்.
மதிலோரம் பஸ்ஸுக்கு நிற்கும் நீலச் சுடிதார்.
அவள் குடையை மாற்றிப் பிடித்தாள்,
இரண்டு அடி தள்ளி நின்றாள்.
கூடவே நகர்ந்திருந்தது
என் கையிலிருந்த ராடு.

பட்டை ரம்பத்தில் வைத்து ஏழு துண்டாக்கினேன்.
அண்ணன் கத்தியது பக்கத்துப் பட்டறைவரை கேட்டது.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைக் கார் வந்தது.
கண்ணாடியை இறக்காமலே
மீதிப் பதினொன்றையும் ஏற்றிக்கொண்டு போனது.
துளை நான் போட்டதுதான். மயிரிழை கோணாது.
சுழியை வேறு யாராவது வெட்டுவார்கள்.
கைதேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

நான்காயிரம் பிடித்தம்.
ஆறு துண்டு பழைய இரும்புக்குப் போனது,
ஒன்றைக் காணோம் என்றேன்.
அது சாப்பாட்டுப் பையில், கரண்டிக்குப் பக்கத்தில்.
இரணியல் பஸ்ஸில் எடுத்து
ஒரு முனையில் வாய் வைத்து ஊதினேன்.
மறுமுனையில் உள்ளங்கை.
வெறும் காற்று. கொஞ்சம் எண்ணெய் வாடை.

ராத்திரி மகனுக்குத் தலை துவட்டினேன்.
உச்சியில் சுழி.
எந்தப் பக்கம் திருகுகிறது என்று பார்க்காமல்
துண்டை மேலே போட்டுத்
துவட்டிக்கொண்டே இருந்தேன்.
"போதும்மா," என்றான், "காய்ஞ்சாச்சு."