மூன்று மீட்டர்

முன்கண்ணாடிக்குக் கீழே நாற்பது பக்க நோட்டு ஒன்று.
அதில் எங்கள் பாவங்களை லிட்டரில் எழுதுகிறோம்.
டீசல், நூறு கிலோமீட்டருக்கு ஒன்பதரை.
தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு.
நான் தலைமுழுகினால் அன்றைக்கு ஒன்பது,
அதற்கு வாகீசன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவான்.
தாடி மழிக்காத நாளில்
தனக்குத்தானே நட்சத்திரம் போட்டுக்கொள்வான்.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப்
பிள்ளைகளின் காதைச் சோதிப்பது என் வேலை.
முன்பெல்லாம் அடிலெய்டிலிருந்து விமானம், வாடகைக் கார்,
ஓட்டலில் தினமும் மாற்றும் வெள்ளைத் துவாலை.
இப்போது பதினான்கு வயசு வேன்,
கூரையில் இரண்டு சூரியத் தகடு.
மேகம் மூடினால் அவல் நனைத்துத் தின்போம்.
வெயில் இருந்தால் பருப்பு.
ஐந்து நிமிஷம் கொதித்ததைப் பானையோடு போர்வையில் சுற்றிவைத்தால்
அடுத்த ஊர் வருவதற்குள் மசிந்திருக்கும்.

பாலை என்றால் பிரிவு என்று படித்திருக்கிறோம்.
ஐந்தடி அகலத்தில் இரண்டு பேர் படுத்துப் பாருங்கள்,
பிரிவதற்கு இடம் எங்கே?
அவன் புரண்டால் நானும் புரளவேண்டும்.
கோபித்துக்கொண்டு போவதென்றால்
கதவைத் தள்ளி வெட்டவெளியில் நிற்கவேண்டும்.
ஜூலை மாதக் குளிரில்
எந்தக் கோபமும் ஐந்து நிமிஷம் தாங்காது.

கொஞ்சம் பெருமை பிடித்துவிட்டது எங்களுக்கு, உண்மைதான்.
கிம்பாவில் கழிவுப் பெட்டியைக் காலிசெய்ய நின்ற வரிசையில்
முன்னால் ஒரு பெரிய கேரவன்.
உள்ளே துணி துவைக்கும் மெஷின், கூரையில் படகு.
வாகீசன் என்னைப் பார்த்தான்.
நான் வாய் திறக்கவில்லை,
நோட்டுதான் திறந்துகொண்டது.

அன்று மாலை வடக்கே போகும் செம்மண் சாலையில்
போன வருஷம் ஒரு ராத்திரி தங்கிய இடம் வந்தது.
காற்றுக்கு மறைவாய் இருக்கட்டும் என்று
சாலையை விட்டு மூன்று மீட்டர்
உப்புச்செடிகளுக்கு நடுவே வண்டியைப் பின்னுக்கு எடுத்திருந்தோம்.
குப்பை ஒரு துணுக்கு விடவில்லை.
பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடக் கேனில் அடைத்துக் கொண்டுபோனோம்.
அந்தத் தேதிக்கு எதிரே எழுதியிருக்கிறது,
சுழியம்.

இரண்டு தடங்கள் அப்படியே கிடந்தன,
எங்கள் டயரின் வெட்டு ஒன்று தவறாமல்.
அந்த மண்ணுக்கு மேல் ஒரு தோல் இருந்திருக்கிறது.
பாசியும் கண்ணுக்குத் தெரியாததும் சேர்ந்து
மழைக்கு மழை பார்த்திருந்து வளர்த்த கரும்பொருக்கு,
விரல் நகத்தின் கனம்கூட இல்லை.
அப்பளமாய் நொறுங்கியிருந்தது.
சுற்றிலும் மண் அசையாமல் இருக்க
எங்கள் இரண்டு கோட்டில் மட்டும்
பொடி பொடியாய்ப் பறந்துகொண்டிருந்தது.

குந்தி உட்கார்ந்தேன்.
பிள்ளைகளிடம் சொல்வதை எனக்குச் சொன்னேன்.
"சின்னச் சத்தம் கேட்டாலும் கையைத் தூக்கு."
கேட்டதா இல்லையா, தெரியவில்லை.
கை பாதிவரை எழுந்து நின்றது.

வாகீசன் காலால் மண்ணைத் தள்ளி மூடப் போனான்.
"ஐயோ, மிதிக்காதே!"
எங்கே ஊன்றுவது என்று தெரியாமல்
ஒற்றைக் காலில் நின்றான், கொக்கு மாதிரி.
எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
பிறகு பழைய தடத்தின் மேலேயே
அடிமேல் அடிவைத்துத் திரும்பி வந்தான்.

ராத்திரி நெடுஞ்சாலையோரம்
சரளை கொட்டிய லாரி நிறுத்தத்தில் படுத்தோம்.
கோதுமை ஏற்றிய நீளநீள லாரிகள் போகும்போதெல்லாம்
தட்டு, கரண்டி, பல் எல்லாம் அதிர்ந்தன.
வாகீசன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டைப் புரட்டினான்.
போன வருஷத்துப் பக்கம்.
சுழியத்தை அடித்தான்.
"மூன்று மீட்டர்" என்று எழுதினான்.
இதை லிட்டரோடு எப்படிக் கூட்டுவது என்று கேட்டான்.

ஒரு லாரி கடந்து போனது.
மறுபடியும் கேட்டான்.
காது கேளாதவள் மாதிரி
கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.